இட்லிக் கடை அம்மாவின் ஆறு வாரங்கள்: மாவுச்சத்தை அறவே நிறுத்தியதில் நேர்ந்தது என்ன?

ராயபுரத்தில் தெருவோர இட்லிக் கடை நடத்தும் 47 வயதுப் பெண் ஒருவர், எடை குறைப்பதற்காக மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினார். ஆறாவது வாரத்தில், ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதற்கு முதல் நாள் பார்த்தபோது அவருடைய ரத்தச் சர்க்கரை 174. பதினோரு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவருக்கு இந்த எண் யாரையும் பதறவைக்காது. பதறாததால்தான் ஒரு நாள் வீணானது. தண்டையார்பேட்டையில் பொது மருத்துவம் பார்க்கும் நான் இதை விரிவாக எழுதுவதற்கு அந்த 174தான் முதல் காரணம். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சொந்த வாழ்க்கை விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கைவைக்கவில்லை.

நோயாளி

உயரம் 152 செ.மீ., எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. உடல் நிறை எண் 35ஐத் தாண்டியிருந்தது. நம் நாட்டவருக்கு அது 25ஐத் தொட்டாலே உடற்பருமன் என்று கொள்கிறோம். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆகவே எடை குறைய வேண்டும் என்று அவர் நினைத்தது சரிதான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.9 விழுக்காடு. ஆறு ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் உண்டு.

அவர் உட்கொண்ட மாத்திரைகளைக் கவனித்துப் படிக்கவும், கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் 1,000 மி.கி. இரு வேளை, கிளிமெபிரைடு 2 மி.கி. காலையில், டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. ஒரு வேளை. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் கலந்த ஒரே மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின் நான்கைந்து மாதங்களுக்கு முன்புதான் வேறொரு இடத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியாவில் இந்த மருந்தின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி விலை இறங்கியதால், முன்பு வசதியானவர்களின் கையில் மட்டும் இருந்த அந்த அட்டை இன்று காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் சாதாரணமாகத் தென்படுகிறது. நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் உதவியை நானே பல நோயாளிகளிடம் பார்க்கிறேன்.

அவருடைய நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கும். ஐந்தரைக்கு முதல் ஈடு இட்லி இறங்கிவிட வேண்டும். துறைமுகத்துக்குப் போகிறவர்களும் மீன் ஏலம் முடிந்து வருகிறவர்களும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். பத்து மணி வரை ஆவிக்கு முன்னால் நிற்பார். மிச்சமிருக்கும் இட்லி ஐந்தாறு அவருடைய காலை உணவு. மதியம் தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும். இரவில் மிஞ்சிய மாவில் தோசை. அவர் சொன்னதை வைத்துக் கணக்கிட்டபோது, உண்ணும் கலோரியில் 70 விழுக்காட்டுக்கு மேல் அரிசியிலிருந்தே வந்தது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (ICMR-INDIAB) நீரிழிவு ஆய்வு, 2025இல் வெளியிட்ட முடிவில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் மாவுச்சத்து முழுவதிலிருந்தும் வருவதே சராசரியாக 62 விழுக்காடு என்கிறது. அதுவே அதிகம் என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து 45 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இந்தப் பெண் சோற்றைக் குறைத்தே ஆக வேண்டும். இதில் எனக்கும் மாவுச்சத்தை விலக்கும் உணவுமுறையைப் பரப்புகிறவர்களுக்கும் சண்டை இல்லை.

தொடங்கிய விதம்

பக்கத்து வீட்டில் 34 வயதுப் பெண் ஒருவர் நான்கு மாதங்களில் 12 கிலோ குறைந்திருந்தார். தெருவே வியந்தது. அவர் பின்பற்றியது தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியிருக்கும் முறை: காலையில் 100 பாதாம், மதியம் நெய்யில் வதக்கிய காய்கறியோடு நான்கு முட்டை, மாலையில் வெண்ணெய் போட்ட தேநீர், இரவில் இறைச்சியோ மீனோ பனீரோ. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, பழம் எதுவும் கிடையாது. இதில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் மாவுச்சத்து 30, 40 கிராமைத் தாண்டாது.

புதிய சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். 1863இல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்பவர் ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விட்டு இளைத்த கதையைச் சிறு வெளியீடாக அச்சிட்டார். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவு முன்மொழியப்பட்டது. 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் அதே சிந்தனையை எடை குறைப்புக்காகப் புத்தகமாக்கினார். ஒவ்வொரு தலைமுறையும் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. வலிப்புக்காகக் கொடுக்கும்போது மட்டும் அது மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உடனிருந்து கண்காணிக்கும் சிகிச்சை என்பதை யாரும் மறப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்திருந்த குழுவில் ரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்க வேண்டும், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று விதி இருந்ததாம். இட்லிக் கடைக்காரருக்கு வந்து சேர்ந்தது உணவுப் பட்டியலின் படம் மட்டும். விதி வரவில்லை.

ஆறு வாரங்கள்

ஏப்ரல் கடைசியில் தொடங்கினார். முதல் வாரத்திலேயே மூன்றரைக் கிலோ இறங்கியது. அந்த மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆண்டுக்கணக்கில் அசையாத எடை அது. ஆனால் முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் ஏறத்தாழ அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து நின்றவுடன் கிளைகோஜன் செலவாகி அந்த நீர் வெளியேறும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் விட்டுவிடும், உப்போடு இன்னும் நீர் போகும். எடைப் பொறிக்கு நீரும் கொழுப்பும் ஒன்றுதான்.

நான்காம் நாள் காலை ஐந்து மணிக்குக் கடையில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மகள் குளுகோமீட்டரில் பார்த்தபோது 61. கிளிமெபிரைடு இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. சாப்பிட்டாரா இல்லையா என்று அது கேட்காது. சோற்றை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட அளவு சோறில்லாத உடம்பில் வேலை செய்தது. சர்க்கரை போட்ட தேநீர் குடித்துச் சமாளித்தார். "உடம்பு புதிய உணவுக்குப் பழகுகிறது அக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஆறுதல் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படி நடந்ததும், இவரே கிளிமெபிரைடை நிறுத்திவிட்டார். அந்த முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்தது. ஆனால் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தவில்லை. "அது எடையையும் குறைக்கும் என்று எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்னார், அதனால் அதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் கேட்டது பொய்யில்லை. அந்த மாத்திரை இரண்டு மூன்று கிலோ குறைக்கத்தான் செய்யும்.

மூன்றாம் வாரத்தில் பட்டியல் சுருங்கத் தொடங்கியது. நூறு பாதாம் என்பது ஏறத்தாழ 120 கிராம், நாளொன்றுக்கு நூறு ரூபாயை ஒட்டிய செலவு. மகன் வாங்கிக் கொடுத்த முதல் பொட்டலம் தீர்ந்தபின் இரண்டாவது வரவில்லை. மீன் இருக்கிறதே என்று கேட்கலாம். கூப்பிடு தூரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறு படகுகள் கரையோரம் பிடித்து வருவதற்கும் ஐஸில் வைத்திருக்கும் வெளியூர் மீனுக்கும் விலை ஏறிவிடும். கடல் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர் மீன் வாங்க முடியாத இரண்டு மாதங்களைத் தேர்ந்தெடுத்து, மீனை நம்பும் உணவுமுறையைத் தொடங்கியிருந்தார். கடைசி மூன்று வாரங்கள் அவர் உண்மையில் உண்டது காலையில் வெண்ணெய்த் தேநீர், மதியம் இரண்டு முட்டை, இரவில் கொஞ்சம் கோஸ் பொரியல். நாளொன்றுக்கு 700 கலோரி இருந்தால் அதிகம். பெயர்தான் பேலியோ. நடந்தது பட்டினி.

நான்காவது வாரம் கத்திரி வெயில். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருண்டது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிந்தது. ரத்த அழுத்தம் இருக்கிறதே என்று உப்பையும் குறைத்திருந்தார். எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்ததால் மற்றதெல்லாம் பொறுக்கத்தக்கதாகத் தோன்றியது.

ஆறாவது வாரம் குமட்டல், மேல்வயிற்று வலி, பிறகு வாந்தி. சிகிச்சைக்குப் போன இடத்தில் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள்: 174. "சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, வயிற்றுப் புண்தான்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மகள் கைத்தாங்கலாக எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்.

பரிசோதனையில் கண்டது

முதலில் உறுத்தியது மூச்சு. நிமிடத்துக்கு 30 முறை, அதுவும் ஆழமாக. ஆனால் நுரையீரலில் சத்தம் எதுவும் இல்லை, ஆக்ஸிஜன் அளவு 99 விழுக்காடு. நுரையீரல் நன்றாக இருந்தும் ஒருவர் இப்படி மூச்சு வாங்கினால், உடல் அமிலத்தை மூச்சு வழியாக வெளியேற்றப் பார்க்கிறது என்று எண்ண வேண்டும். நாக்கு வறண்டிருந்தது. நாடி 118. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 104/68, உட்காரவைத்தால் 84. வாயில் பழுத்த பழ வாடை.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். மகள்தான் பதில் சொன்னார்: "அம்மா சோறு தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது டாக்டர்." மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டச் சொன்னேன். டாபாகிளிஃப்ளோசின் அட்டையைப் பார்த்ததும் சிறுநீரைப் பரிசோதித்தோம். சர்க்கரை நான்கு பிளஸ், கொழுப்பு கரையும்போது உண்டாகும் அமிலப் பொருளான கீட்டோன் மூன்று பிளஸ். ரத்தத்தில் 174 மட்டுமே இருக்கும்போது சிறுநீரில் இவ்வளவு சர்க்கரை கொட்டுவது இந்த மருந்துக் குடும்பத்தின் கைரேகை. சலைன் ஏற்றத் தொடங்கி, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

அங்கே எடுத்த முடிவுகள்: ரத்தத்தின் அமில-கார அளவான பி.எச். 7.19 (இயல்பாக 7.35க்குக் குறையக் கூடாது), அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 8, கீட்டோன் 6.2 மில்லிமோல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.7, நான்கு மாதங்களுக்கு முன் அது 0.9 ஆக இருந்தது. மெட்ஃபார்மினால் லாக்டிக் அமிலம் கூடியிருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது, லாக்டேட் 1.8தான் என்பதால் அது தீர்ந்தது. கணையமும் இதயமும் பரிசோதிக்கப்பட்டன; கோளாறு இல்லை. சர்க்கரை அதிகம் ஏறாமலே வரும் நீரிழிவுக் கீட்டோ அமில நிலை என்பதே நோய். 1973லேயே மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்ட நிலை இது. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளோடு இது வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதம் எச்சரித்தது.

சிகிச்சையில் உறவினர்களைக் கலங்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு கையில் இன்சுலின், மறு கையில் குளுக்கோஸ். "சர்க்கரை நோயாளிக்கு யாராவது குளுக்கோஸ் ஏற்றுவார்களா?" என்று அவருடைய தம்பி வார்டில் சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்த நிலையில் அதுதான் மருந்து. கீட்டோன் உற்பத்தியை நிறுத்த இன்சுலின் வேண்டும். ஏற்கெனவே அதிகமில்லாத சர்க்கரை அதனால் அடியோடு சரிந்துவிடாமலிருக்க குளுக்கோஸ் வேண்டும். பொட்டாசியமும் கொடுத்தார்கள். அமிலம் முழுவதும் தீர இரண்டு நாள் ஆனது. மாத்திரையை நிறுத்தியபிறகும் அதன் விளைவு சில நாட்கள் நீடிக்கும் என்பதால், சிறுநீரில் சர்க்கரை போவது உடனே நிற்கவில்லை.

ஏன் நடந்தது

மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், கொழுப்பு கரையும், கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் செய்யும். இந்த உணவுமுறையின் நோக்கமே அதுதான். உடல்நலமுள்ளவரிடம் கீட்டோன் 0.5 முதல் 3 மில்லிமோல் வரை போய் நின்றுவிடும், ஏனென்றால் கணையம் கொஞ்சமாவது இன்சுலின் சுரந்து கடிவாளத்தைப் பிடித்திருக்கும். இவருக்குப் பதினோரு ஆண்டு நீரிழிவு. குணமானபின் எடுத்த சி-பெப்டைடு பரிசோதனை, கணையத்தின் கையிருப்பு மிகக் குறைவு என்று காட்டியது.

இதன்மேல் டாபாகிளிஃப்ளோசின். சிறுநீரகம் வழக்கமாக மீட்டெடுக்கும் சர்க்கரையை மீட்க விடாமல் வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை போகலாம். இவர் உண்டதோ 30 கிராமுக்கும் கீழே. வரவை விடச் செலவு இரண்டு பங்கு என்றால் எந்தக் கடையும் சேமிப்பை உடைத்துத்தான் ஓட வேண்டும். உடைத்த சேமிப்பு கொழுப்பு. அதன் கழிவு அமிலம். குளுகோமீட்டர் சர்க்கரையை மட்டும் அளப்பதால், எல்லாம் நன்றாக நடப்பதாகவே கடைசி வரை காட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரில் கீட்டோன் பார்க்க இவர் பயன்படுத்திய பட்டையும் அப்படித்தான். அது ஊதா நிறமானால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம் என்று பட்டியலின் ஓரத்தில் எழுதியிருந்தது. வாந்தி தொடங்கிய நாள்வரை அவர் ஊதாவைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார்.

பிறகு நீர். இந்த ஓர் உடம்பிலிருந்து உப்பும் நீரும் வெளியேற எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று பாருங்கள். இன்சுலின் குறைந்ததால் சிறுநீரகம் உப்பைக் கைவிட்டது. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையோடு நீரை இழுத்தது. ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரைப் பெருக்குவதற்கென்றே இருக்கும் மருந்து. கத்திரி வெயிலில் இட்லிப் பானை ஆவிக்கு முன்னால் ஐந்து மணி நேர வியர்வை. இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக அவர் தாங்கியிருப்பார். நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குள் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஏற்பாட்டை டெல்மிசார்ட்டன் தளர்த்திவிடும், கிரியேட்டினின் 1.7 ஆனது அதனால்தான்.

நான் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ளும் கருத்து இதுதான்: உணவை மாற்றியபோது மாத்திரைச் சீட்டை யாரும் மாற்றவில்லை. அந்தச் சீட்டு, நாள்தோறும் 300 கிராம் மாவுச்சத்து உண்ணும் ஒரு பெண்ணுக்காக எழுதப்பட்டது. அந்தப் பெண் ஏப்ரல் இறுதியோடு இல்லாமல் போய்விட்டார். சீட்டு மட்டும் ஜூன் வரை தொடர்ந்தது.

எடை என்ன ஆனது?

82இல் தொடங்கி, மருத்துவமனையில் சேர்ந்த அன்று 72.8. ஒன்பது கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. நான்காம் நாள் வீடு திரும்பும்போது 76.4. மூன்றரைக் கிலோ சலைன் பாட்டிலில் திரும்பி வந்தது. மீதியிலும் எல்லாம் கொழுப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு முட்டைப் புரதத்தில் ஒருவர் ஐந்து மணி நேரம் நின்று வேலை செய்தால் தசையும் கரையும். ஒரு மாதம் கழித்தும் இட்லிப் பானையைத் தனியாக இறக்க முடியவில்லை என்றார்.

இவ்வளவு சிரமமும் எடையில் கூடுதல் பலன் தந்தால்கூட ஏதாவது வாதம் இருக்கும். 2003இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், 63 பேரில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் முந்தியிருந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ. எழுநூறு கிராம் வித்தியாசம். நீரிழிவுக் கட்டுப்பாட்டில் மாவுச்சத்துக் குறைப்புக்குத் தொடக்கத்தில் தெளிவான நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. இவருக்கே வெறும் வயிற்றுச் சர்க்கரை 190இலிருந்து 120க்கு இறங்கியிருந்தது.

பக்கத்து வீடு

அதே பட்டியல், அதே தெரு, அதே வெயில். அந்த 34 வயதுப் பெண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. பயந்துபோய் அவரும் பரிசோதனைக்கு வந்தார். அவருக்கு நீரிழிவு இல்லை, மாத்திரை இல்லை, கணவருக்கு நிரந்தரச் சம்பளம் உண்டு. பாதாமும் இறைச்சியும் தடைபடவில்லை. 12 கிலோ குறைந்தது அவருடைய முழங்கால் வலிக்கு நல்லதாகவே அமைந்தது. தன் உடம்பில் நடந்ததை வைத்து அவர் அக்காவுக்குச் சொன்ன யோசனையில் வஞ்சகம் இல்லை.

ஆனால் ரத்தப் பரிசோதனை முழுக்க நன்றாக இல்லை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 121இலிருந்து 198க்கு ஏறியிருந்தது. யூரிக் அமிலம் 7.4. இந்த உணவுமுறையில் எல்லோருக்கும் எல்.டி.எல். ஏறாது, சிலருக்குச் செங்குத்தாக ஏறும், யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அவருடைய தந்தைக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. வெண்ணெய்த் தேநீரை விட்டுவிட்டு, மதியம் மட்டும் ஒரு கிண்ணம் சோறும் பருப்பும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எடை ஏறிவிடும் என்று அரை மணி நேரம் வாதாடினார். தேநீர் விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொண்டார்.

அடுப்பும் பணமும்

இதை மருத்துவக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் வடசென்னையில் இது எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். இந்தக் குடும்பத்தில் கடையின் மிச்ச மாவே ஐந்து பேரின் காலை உணவு. அரிசிதான் இங்கே மலிவு, அரிசிதான் கைக்கு எட்டும். அதை முழுவதும் நீக்கச் சொல்லும் எந்தப் பட்டியலும், நீக்கிய இடத்தில் வைக்க மாதம் ஆறாயிரம் ரூபாய் கேட்கும். பணம் தீர்ந்த மூன்றாம் வாரம் உணவுமுறை முடிந்து பட்டினி தொடங்குகிறது. அந்த மாற்றம் பெயரில் தெரிவதில்லை; நோயாளியும் "பேலியோவில்தான் இருக்கிறேன்" என்றே சொல்வார். ஆகவே என்ன முறை என்று கேட்பதை விட்டுவிட்டு, நேற்றுக் காலை முதல் இரவு வரை வாய்க்குள் போனது என்ன என்று கேட்பதே என் வழக்கமாகிவிட்டது.

பட்டியலில் பருப்புக்கு இடமில்லை என்பதால், கடைச் சாம்பாரின் உப்பைப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கக் கூடாது என்று இருந்திருக்கிறார் இட்லிக் கடைக்காரர். ஒரு வாரம் வாடிக்கையாளர்கள் கரித்த சாம்பாரைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது

டாபாகிளிஃப்ளோசின் நிறுத்தப்பட்டது, இவருக்கு மீண்டும் தரக் கூடாது என்று கோப்பில் எழுதியாயிற்று. ஹைட்ரோகுளோரோதையசைடுக்குப் பதில் அம்லோடிபின். இரவில் ஒரு வேளை இன்சுலின். கிரியேட்டினின் இயல்பானதும் மெட்ஃபார்மின் திரும்பியது.

தட்டில் அரிசி திரும்பியது, அளந்து. காலையில் இரண்டு இட்லி, சாம்பாரில் காய் அதிகம், கூடவே அவித்த முட்டை ஒன்று. மதியம் சமைத்த சோறு 150 கிராம். அதில் மாவுச்சத்து 42 கிராம் இருக்கும். முதலில் மீனும் கீரையும், அதன்பிறகு சோறு. வஞ்சிரம் வேண்டாம், மத்தி, நெத்திலி, காரப்பொடி போதும், தடைக்காலத்தில் முட்டையும் பயறும். மாலையில் சுண்டல். இரவு இரண்டு தோசை என்றால் தொட்டுக்கொள்ளப் பருப்பு. கேழ்வரகுக் கூழ் எவ்வளவும் குடிக்கலாமா என்று கேட்டார், இந்தப் பகுதியில் எல்லோரும் கேட்பதுதான். கேழ்வரகு மாவு 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம் என்பதால் நல்ல தானியம், ஆனால் தானியம். கூழ் குடித்தால் அன்று மதியச் சோற்றில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம் கழித்து எடை 74.9. சர்க்கரைச் சராசரி 7.3. மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திடீரென எடை இறங்கினால் சில மாதம் கழித்து இப்படி வரும் என்று சொல்லியிருந்ததால் எண்ணெய் விளம்பரங்களிடம் மாட்டவில்லை. இப்போது வளர்கிறது.

கடந்த மாதம் அவர் தன் அண்ணனை அழைத்து வந்தார். எண்ணூரில் இருக்கிறார், 58 வயது, நீரிழிவோடு இதயச் செயலிழப்பும் உண்டு. அவரும் சோற்றை விடப் போவதாகச் சொன்னபோது, தங்கை கேட்ட முதல் கேள்வி என்ன மாத்திரை என்பதுதான். அவருடைய பையிலும் டாபாகிளிஃப்ளோசின் இருந்தது. அதை நிறுத்திவிடுங்கள் டாக்டர் என்று இவரே எனக்கு யோசனை சொன்னார். அண்ணனின் இதயத்துக்கு அந்த மாத்திரை அவசியம் என்பதால் நிறுத்தவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது உணவுத் திட்டம்தான். சோற்றைப் பாதியாக்கலாம், ஆனால் நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்துக்குக் கீழே போகக் கூடாது; வாந்தியோ பேதியோ வந்தாலும், ஏதேனும் காரணத்தால் சாப்பிட முடியாமல் போனாலும், அன்று அந்த மாத்திரையைப் போடாமல் உடனே வர வேண்டும். பத்துக் கிலோ எப்போது குறையும் என்று கேட்டார். ஓராண்டு ஆகலாம் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இந்த மாதம் ஒன்றேகால் கிலோ குறைந்திருக்கிறது.